மலை தாண்டி வந்த வெறுங்காற்று

அறுபதுகளில் மதுரைக்குக் கிழக்கே திருப்பத்தூரில் தாலுகா ஆபீஸ் எழுத்தராகச் சேர்ந்த முதல் நாளே என் தலையில் மழைமானியைக் கட்டிவிட்டார்கள். காலை எட்டரைக்குப் புனலைத் தூக்கி, பாட்டிலில் விழுந்த தண்ணீரை அளந்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வெயில் காலம் முழுக்க நான் எழுதியது சைபர்தான்.

நான் செங்கோட்டைக்காரன். மலைக்கு மேற்கே மலையாளச் சீமையில் மழை பிடித்தால் எங்கள் ஊரில் சாரல் விழும். அந்தத் திமிரில்தான் நாக்கு நீண்டது.

நாச்சியாபுரம் கருப்பையா வரகு போடும் சம்சாரி. இரண்டு வருஷமாக விளைச்சல் இல்லை. வீட்டில் மிச்சம் ஒரே ஒரு மூட்டை விதை. ஆனி மாதம் பட்டா விஷயமாக வந்தவர் என்னிடம் கேட்டார்.

"மேக்க கருகருன்னு கெடக்கே, எறங்குமா தம்பி?"

"மலையாளத்துல பிடிச்சாச்சு அண்ணாச்சி, ரேடியோவுலயே சொல்லிட்டான். பத்து நாள்ல இங்கயும் பெஞ்சிரும். தைரியமா விதைங்க."

"நாங்க ஐப்பசி மழைய நம்பிப் புரட்டாசியிலதேன் விதைக்கிறது. ஆனா படிச்சவுக நீங்க சொல்லுறீக..." தயங்கித்தான் போனார். போய், இருந்த ஒரு மூட்டையையும் விதைத்துவிட்டார்.

ஒரு தூறல் விழுந்தது. முளை வந்தது. அப்புறம் மேல்காற்று ஆடி முழுக்க மண்ணை வாரி இறைத்தது. முளை அத்தனையும் கருகிப்போனது.

தலைமை எழுத்தரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! மேல்காத்து மலையில முட்டி ஏறயிலயே தண்ணிய அங்குட்டுக் கொட்டிப்புடும். இங்குட்டு எறங்குறது காஞ்ச காத்து, சூடு வேற. ஒங்க ஊருக்குக் கணவாய் இருக்கு, சாரல் வருது. இங்க ஏது? உலகத்துல எத்தனையோ பாலைவனம் இப்பிடி மலைக்குப் பின்னால கெடக்குறதுதேன். கெழக்க கடல்லருந்து வாடைக்காத்து மழையக் கொண்டாரலேன்னா நம்ம சீமையும் அதுதேன்ப்பா."

இதை முன்னாலேயே கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறந்திருக்கலாம்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. காலையில் பாட்டில் நிறைந்து வழிந்தது. அளந்துகொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் கருப்பையா நின்றார், தலையில் சாக்கு.

"நல்ல மழைதேன் தம்பி, எழுதிக்கிருங்க. மத்தவுக விதைச்சிட்டாக. எங்கிட்ட ஒத்த மணி இல்ல. மதுரைப் பக்கம் கூலி வேலைக்குப் போறோம். பொண்டாட்டி புள்ளைக பஸ்ஸுக்கு நிக்கிறாக."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சொல்லிக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதோடு, வழியில் எதைத் தாண்டி வருகிறது என்றும் கேட்கவேண்டும். அந்தப் பாடம் எனக்கு வந்தது. விலை கொடுத்தவர் கருப்பையா. அவர் திரும்பி வரவேயில்லை. என் சர்வீஸில் அளந்த பெரிய மழை அதுதான். அன்று அவர் நிலத்தில் முளைக்க ஒரு விதை இல்லை.