பதினான்காவது வேலை

லயலைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதன் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அவன் கையெழுத்தில் பதினான்கு வேலைகள். பதிமூன்றுக்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தது. கடைசி வரிக்கு மட்டும் இல்லை.

எங்கள் ஊர் பர்னி துறைமுகத்தில் மீனையும் இறைச்சியையும் உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம். அதன் கணினி அறை இருபத்திரண்டு வருடம் அவன் பொறுப்பில் இருந்தது. எல்லாவற்றையும் மெல்போர்னிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே முடிவெடுத்து அறையை மூடினார்கள். மூடுமுன் செய்ய வேண்டியவை என்று அவன் எழுதிய பட்டியல்தான் அது. கடைசி நாள் காலை பத்து மணிக்கே அவனுடைய நுழைவு கார்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டார்கள்.

"மத்தியானம் வரைக்கும் இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்னு சொன்னேன் மார்ஜ். வேணாம்னுட்டாங்க" என்றான் என்னிடம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கு வரவேயில்லை. அதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் பக்கத்து வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். லயலின் மனைவி அவனைப் பிரிந்து குவின்ஸ்லாந்துக்குப் போய் ஆறு வருடமாகிறது. பிறகு அவனோடு பேசியதெல்லாம் வேலையிடத்து ஆட்கள்தான். வேலை போனபின் நான் மட்டும். உண்மையைச் சொன்னால், நானும் தினமும் போகவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் அவனுக்குப் பார்சல் வந்தது. கறி அடைத்துச் சுட்ட 'மீட் பை' இரண்டை எடுத்துக்கொண்டு போனேன். கராஜில் பழைய கம்ப்யூட்டர் மெஷின்கள் நாலை அடுக்கி வீட்டு லேப் என்று ஒன்று வைத்திருந்தான். அதன் மேல் ஒரு தட்டைப் பெட்டி.

"இது என்ன புதுசா, இன்னொரு இரும்புச் சனியன்?"

"கன்சோல் சர்வர். நெட்வொர்க் மொத்தமும் செத்துக் கெடந்தாலும் இது வழியா ஒவ்வொரு மெஷின்கிட்டயும் பேசலாம். பின்வாசல் மாதிரி. பதினாறு கேபிள் சொருகலாம்."

"உன்கிட்ட இருக்கிறதே நாலுதானேடா."

"நாலுதான்."

பெட்டியின் முகப்பில் பழைய ஸ்டிக்கர். அதில் இருந்ததும் அவன் கையெழுத்து. அப்போதுதான் சொன்னான். பழைய சாமான் ஏலம் விடும் தளத்தில் படத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டதாம். பட்டியலின் பதினான்காவது வரி இந்தப் பெட்டிதான்: விற்குமுன் இதன் நினைவை அழிக்க வேண்டும். யாரும் அழிக்கவில்லை.

தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தான். திறந்துகொண்டது. 'வருக லயல்' என்றது திரை. நிறுவனம் அவனை எல்லா இடத்திலும் பூட்டி வெளியே தள்ளியிருந்தது. இந்தப் பெட்டியை மட்டும் மறந்துவிட்டது. கேபிள் சொருகும் பதினாறு வாசலுக்கும் அவன் வைத்த பெயர்கள் அப்படியே இருந்தன. பதினொன்றாவதின் பெயர் 'சோம்பேறி'. அங்கே இருந்த மெஷின் எழுந்திருக்கவே கால் மணி நேரம் எடுக்குமாம். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

மூன்று வாரம் ஓடியது. தன் நாலு மெஷின்களையும் அதில் இணைத்துவிட்டான். ஆனால் பெயர் எதையும் மாற்றவில்லை. நான் போகும்போதெல்லாம் அந்தத் திரை முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

"அழிக்கணும் மார்ஜ். அவங்க பாஸ்வேர்டெல்லாம் உள்ள இருக்கு."

"உன்னைத் துரத்தி விட்டவங்க. எக்கேடு கெட்டா உனக்கென்ன?"

"அவங்களுக்காக இல்ல. அது என் வேலை."

"அப்போ அழிச்சுத் தொலையேன். எதுக்கு இழுத்தடிக்கிற?"

திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அழிச்சிட்டா இதுக்கும் என்னைத் தெரியாது."

டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. மதியம் அவனே போன் செய்தான். "சும்மா வந்து பக்கத்துல உக்காரு."

போய் உட்கார்ந்தேன். ஏதோ அடித்தான். நிச்சயமாகவா என்று பெட்டி கேட்டது. ஆம் என்று அடித்தான். விளக்குகள் எல்லாம் அணைந்தன. சில நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக எரிந்தன.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. சரிபார்க்கணும். இது என்னை உள்ள விடக் கூடாது. விட்டா வேலை சரியா நடக்கலைன்னு அர்த்தம்."

தன் பெயரை அடித்தான். மறுத்தது. மறுபடி அடித்தான். மறுத்தது.

"அதான் சொல்லிடுச்சே, விடேன்!"

"மூணு தடவ பாக்கணும். அதான் வழக்கம்."

மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால் அடித்தான். அதற்கும் அதே பதில்தான். தலையை ஆட்டிக்கொண்டான்.

சமையலறைக்குப் போய்ப் பதினான்காவது வரிக்கு டிக் போட்டான். பட்டியலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தான்.

"சரி, நாளைக்கு என்ன வேலை?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

லயல் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.