மாமா போட்ட ஏ.சி.

எங்கள் மாமாவின் காரில் ஏ.சி. உண்டு. மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஆள் ஏற்றிப்போகும் வாடகைக் கார்களில் அந்தக் காலத்தில் அது பெரிய பெருமை. பின்பக்கக் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ‘ஏ.சி.’ என்று ஒட்டியும் வைத்திருந்தார். ஆனால் அதைப் போட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நல்ல துணியைப் பெட்டியிலேயே வைத்திருந்து பூச்சி அரிக்க விடுகிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. மாமா அந்த ரகம். ஏ.சி. போட்டால் டீசல் குடிக்கும், ஏற்றத்தில் வண்டி இழுக்காது, மேலே வெள்ளிமலை போய்விட்டால் ஊரே ஏ.சி.தான் என்று அவரிடம் காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. வாடகைக்கு வருகிறவர்கள் கேட்டால், “கண்ணாடிய எறக்குங்க, மலக்காத்துக்கு ஈடு உண்டா” என்பார். வீட்டு ஆட்கள் கேட்டால் காதில் விழாது.

அத்தை மட்டும் எப்போதாவது கேட்பாள். மாமாவின் மனைவி. மலையில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை அவளுக்கு. சித்திரை மாதத்தில் ஏதாவது கல்யாணத்துக்குக் கீழே இறங்கினால், காருக்குள் முந்தானையால் விசிறிக்கொண்டே, “ஏங்க, ஒரு அஞ்சு நிமிசம் போடுங்களேன், எப்டி இருக்குதுன்னு பாப்போம்” என்பாள். “வர்றப்ப போடலாம்” என்பார் மாமா. வரும்போது பொழுது சாய்ந்து வெயில் தணிந்திருக்கும். அத்தையும் அதோடு மறந்துவிடுவாள், அல்லது மறந்ததாகக் காட்டிக்கொள்வாள்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது அத்தைக்கு வயிற்றில் கட்டி வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தாள். அவளுக்குத் துணையாக இருந்தது என் அம்மா, மாமாவின் தங்கை. பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூட இருந்தேன். ஒருநாள் டாக்டர் மாமாவைத் தனியாக அழைத்துப் பேசினார். வெளியே வந்த மாமா, வீட்டுக்குக் கூட்டிப் போகலாமாம் என்றார். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல் மட்டும். பக்கத்துக் கட்டில்களில் டிஸ்சார்ஜ் ஆனவர்கள் எல்லாம் ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுச் சிரித்த முகமாகப் போவதைப் பார்த்திருந்தேன். நம் ஆட்கள் மட்டும் ஏன் இப்படி உம்மென்று இருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்க வேண்டும் என்று அம்மா பாத்திர மூட்டையோடு முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள். பின்சீட்டில் அத்தையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். மாமா வண்டியைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றினார். முன்னாலிருந்த மாதா சுரூபத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, “இன்னிக்கி ஏ.சி.” என்றபடி பொத்தானை அழுத்தினார்.

புஸ்ஸென்று அனல் வந்தது. “புடிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்” என்றார் மாமா. விழுப்புரம் வரைக்கும் பிடிக்கவில்லை. குமிழைத் திருப்பினார், நிறுத்திப் போட்டார், டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார். எனக்கு முதுகெல்லாம் வியர்த்து ஊற்றியது. குளிர்ச்சி வந்தால் வெளியே ஓடிவிடும் என்று கண்ணாடியை மட்டும் இறக்க விடவில்லை. வராத குளிர்ச்சிக்கு அப்படி ஒரு காவல். வழியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, ஃபியூஸ் போயிருக்கும் என்று ஹாரனுடைய ஃபியூஸைக் கழற்றி அதில் மாட்டினார். ஏ.சி.யும் வரவில்லை, அதன்பிறகு ஹாரனும் அடிக்கவில்லை.

“கண்ணாடிய எறக்கிடுங்க, போதும்” என்றாள் அத்தை.

“நீ சும்மா இரு” என்றார் மாமா. அதட்டல் மாதிரி ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டம் ஆகியிருக்கவில்லை. ஊருக்கு வெளியே கார் ஏ.சி. பார்க்கிற கடை ஒன்றுதான் இருந்தது. மெக்கானிக் நடு வயசுக்காரர். பானெட்டைத் திறந்து, மாமாவை ஏ.சி. போடச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. கம்ப்ரஸர் மட்டும் ஓடவில்லை. இரண்டு குழாய்களை மாட்டி மீட்டரைப் பார்த்தார். முள் எழுந்திருக்கவே இல்லை.

“கேஸ் சுத்தமா இல்லீங்க” என்றவர், குழாய் வழியாகக் காற்றை ஏற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். எங்கும் நுரைக்கவில்லை. கடைசியில் கம்ப்ரஸரின் முன்பக்கத்தில் விரலைத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டினார். “தோ, இங்கதான் போயிருக்குது. ஏ.சி. போட்டு எவ்ளோ நாளாச்சி?”

மாமா மாதா சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போன வாரங்கூட போட்டோமே” என்று பின்சீட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் நாக்கில் சூடு போடுவேன் என்று என்னை மிரட்டுகிற அத்தை அவள்.

“போன வாரம் போட்டிருந்தா இப்டி ஆயிருக்காதும்மா” என்றார் மெக்கானிக். “வாரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிசமாச்சும் ஓட்டணும். அப்பதான் உள்ள எண்ணெ சுத்தும். போடாமயே வெச்சிருந்தா சீல் ரப்பரு காஞ்சி, இருக்கற கேஸெல்லாம் போயிடும்.” அவர் குற்றம் சொல்லவில்லை, தொழிலைச் சொன்னார். ஆனால் மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். வியர்வை என்றுதான் நான் நினைத்தேன்.

சீல் மாற்ற வேண்டுமென்றால் வண்டியை விட்டுப் போக வேண்டும். இப்போதைக்கு கேஸ் ஏற்றலாம், ஆனால் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் மெக்கானிக்.

“இன்னிக்கி நின்னா போதுங்க” என்றார் மாமா.

இன்னும் கொஞ்ச தூரத்தில் கச்சிராயப்பாளையம், அதைத் தாண்டினால் மலை. மலைமேல் குளிர்ந்த காற்று சும்மாவே கிடைக்கும்போது இவருக்கு எதற்கு இந்த வேலை என்று எனக்கு அலுப்பாக இருந்தது. மோட்டார் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, அப்புறம் கேஸ் ஏற்றி முடிப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. மாமா பொத்தானை அழுத்தினார். ‘டக்’கென்று கம்ப்ரஸர் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று காற்று வந்தது. மாமா பின்னால் திரும்பி அத்தையைப் பார்த்தார். பரீட்சைத் தாளை டீச்சரிடம் நீட்டுகிற பையன் மாதிரி இருந்தது அவர் முகம்.

“எப்டி இருக்குது?”

“ஜம்முனு இருக்குதுங்க” என்றாள் அத்தை.

ஊரைத் தாண்டும்போதே அவள் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள். பிறகு என் துண்டையும் கேட்டு வாங்கிக் காதைச் சுற்றிக்கொண்டாள். உடம்பில் ஒன்றுமில்லாமல் போயிருந்தவளுக்கு அந்தக் காற்று எப்படித் தாங்கும்? கையைத் தொட்டால் சில்லிட்டிருந்தது. என் மடியில் அவள் தலை நடுங்குவது தெரிந்தது. நான் முன்பக்கம் பார்த்து “மாமா” என்று வாயெடுப்பதற்குள் அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். உதட்டில் விரலை வைத்து, “குளுருதுன்னு மாமாகிட்ட சொல்லாத” என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நானும் சிரித்தேன்.

மலைப்பாதையில் யார் கேட்டாலும் ஏ.சி. போடாத மாமா அன்றைக்கு நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி முக்கி முனகி ஏறியது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார். மாமா அடிக்கடி, “போதுமா, இன்னும் ஜாஸ்தி வெக்கட்டா?” என்று கேட்டார். “இதுவே நல்லாத்தான் இருக்குது” என்றாள் அத்தை. வீட்டு வாசலில் இறக்கும்போது அவளுக்குப் பல் கிட்டித்திருந்தது. தூக்கிக்கொண்டு போன மாமா, ஆஸ்பத்திரிக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் அத்தை போய்விட்டாள். அதற்கு முன்பே கேஸும் போய்விட்டிருந்தது.

அடக்கம் முடிந்த பிறகும் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாமா எல்லாரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். “ஏ.சி. போட்டுத்தாங்க கூட்டிக்கினு வந்தேன். வூடு வர்ற வரைக்கும் நிறுத்தல. ஜம்முனு இருக்குதுன்னு சொன்னா.” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவருக்கு அழுகை நிற்பது அதைச் சொல்லும்போது மட்டும்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது சரியாகப் படவில்லை. அத்தைக்குக் குளிரெடுத்தது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அத்தை சொல்லாதே என்றிருந்தாள். எதுவரைக்கும் சொல்லக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கியதைப் பார்த்து நானும் ஒரு பிடி மண் போட்டிருந்தேன். இருந்தும், அவளையே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்லிவிடலாம் என்று எழுந்து உள்ளே போனேன். கட்டில் காலியாக இருந்தது. சரி, வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று திரும்பி வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.