நெற்றியில் ஒட்டிய சந்தனம்

எட்டாம் வகுப்பு முடிந்த லீவில் ஒருநாள் நான் செங்கல் என்கிற ஊரில் இருக்கும் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். இப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். பாறசாலையைச் சுற்றியுள்ள பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே போய் வந்தவர்கள். ஆனால் என் அப்பா எங்கள் சர்ச்சின் சபைச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கிற மனிதர். அவர் மகள் கோயிலுக்குப் போனாள் என்று தெரிந்தால் அடுத்த வாரம் அவர் எந்த முகத்தோடு அந்த மைக்கின் முன்னால் நிற்பார்? எனக்கு என்ன கிடைக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. பக்கத்துச் சந்து ஆதிராவின் வீட்டுப் பக்கம் அதற்குப் பிறகு தலைவைத்தும் படுக்க முடியாது. எனக்கு இருந்ததே ஒரே ஒரு சினேகிதி.

அந்த ஆதிராவால்தான் வினை. கோயிலில் ஒரு பெரிய சிவலிங்கம் கட்டியிருக்கிறார்கள், அதற்குள்ளே குகைபோல வழி, வளைந்து வளைந்து மேலே ஏறலாம், ஒவ்வொரு வளைவிலும் சிலைகள், கலர் லைட்டுகள் என்று வகுப்பில் எல்லோரும் சொல்லிச் சொல்லி என்னை ஏங்க வைத்திருந்தார்கள். நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். சாமி கும்பிடுகிற எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. குகையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆதிராவின் நட்சத்திரப் பிறந்தநாள் வந்தது. அவள் அம்மா அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதாகவும், திரும்பும்போது உதியன்குளங்கரையில் யூனிஃபார்முக்கு அளவு கொடுக்கப் போவதாகவும் சொன்னாள். எனக்கும் யூனிஃபார்ம் தைக்க வேண்டியிருந்தது. நான் வீட்டில் பின்பாதியை மட்டும் சொன்னேன்.

ஆட்டோவில் ஏறும்போது ஆதிராவின் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“வீட்டுல சொல்லியாச்சில்லா மக்கா?”

“சொல்லியாச்சு ஆண்டி” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பாவே போய்வரச் சொன்னார் என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீண்டுவிடும்.

இந்த இடத்தில் என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தப்பாவின் மனைவி. ஒரே காம்பவுண்டில் எங்கள் வீடும் அவர்கள் வீடும், நடுவில் கிணறு. சித்தப்பாவுக்குப் பூவாரில் ஒரு ரிசார்ட்டில் படகு ஓட்டுகிற வேலை. நான் எல்.கே.ஜி. படிக்கும்போது சித்தி கல்யாணமாகி வந்தாள். குழந்தை இல்லை. அது எங்கள் வீட்டு விஷயம் மட்டுமாக இருந்திருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். யாருடையவோ முட்டுவலி, யாருடையவோ கல்ஃப் விசா, யாருடையவோ பி.எஸ்.சி. பரீட்சை என்று வரிசையாக ஜெபித்துக்கொண்டு வந்து, கடைசியில் சித்தியின் கர்ப்பத்தில் வந்து நிற்பார்கள். பெரிய மனுஷிகள் அவள் தலையில் கைவைத்து உரக்க ஜெபிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் ஆமென் சொல்வோம். சித்தி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பாயைப் பார்த்தபடி இருப்பாள். நல்ல குரல் அவளுக்கு, பாட்டு பாடுவாள். ஆனால் தனக்காக அவள் வாய்திறந்து ஜெபித்து நான் கேட்டதே இல்லை. அந்த வேலையைத்தான் ஊரே எடுத்துக்கொண்டிருந்ததே.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பயம் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எங்கள் சபைக்காரர்கள் அங்கே வருவார்களா, வந்தால் அவர்கள் அல்லவா பயப்பட வேண்டும் என்றெல்லாம் யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. பதின்மூன்று வயதில் உலகத்தில் எல்லோரும் நம்மைப் பிடிப்பதற்குத்தான் நடமாடுகிறார்கள். சன்னதியிலிருந்து வந்த ஆதிரா, இலைத்துண்டில் இருந்த சந்தனத்தை எடுத்து, நான் தடுப்பதற்குள் என் நெற்றியில் இழுத்துவிட்டாள். பிறந்தநாள்காரியிடம் என்ன சொல்ல முடியும்? சந்தனம் குளிர்ந்தது. எனக்கு அங்கே மட்டும் சுட்டது.

குகை அவர்கள் சொன்னது மாதிரியேதான் இருந்தது. மங்கலான வெளிச்சம், காலடியில் சில்லென்ற தரை. ஒரு பத்து நிமிஷம் நான் பயத்தை மறந்துகூடப் போனேன் என்று நினைக்கிறேன். மேலே ஏறிக்கொண்டே ஒரு வளைவில் திரும்பியபோது ஓரமாக நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். அங்கே எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். இவள் மட்டும் தலையில் முந்தானையை முக்காடாகப் போட்டிருந்தாள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் எந்தப் பெண்ணும் அப்படிப் போட்டுக்கொள்ள மாட்டாள். சர்ச்சில் நாங்கள்தான் போடுவோம்.

சித்தி.

காலையில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டவள். கைகளைக் கூப்பி, கண்ணை மூடி, உதடுகள் அசைய நின்றுகொண்டிருந்தாள். வருகிறவர்களும் போகிறவர்களும் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் அவள் தலையில் கைவைக்கவில்லை. வீட்டில் நான் ஒருநாளும் பார்த்திராத முகமாக அது இருந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்த முகம் எனக்குப் புரிகிறது. அன்றைக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். என்னைப் பிடிப்பதற்காகப் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

ஓடியிருக்கலாம். அதற்குள் சித்தி கண்ணைத் திறந்தாள், நேராக என்னைப் பார்த்தாள். அவள் கை தன்னால் முந்தானையை இன்னும் முன்னுக்கு இழுத்தது. என் கை நெற்றிக்குப் போனது. பின்னால் வந்தவர்கள் தள்ள, நான் ஆதிராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். வயிற்றுவலி என்றேன். அதில் பொய் அதிகமில்லை.

உதியன்குளங்கரையில் தையற்காரர் இரண்டு முறை கையைத் தூக்கச் சொல்லியும் எனக்குக் கேட்கவில்லையாம். வீட்டுக்குப் போனால் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று வரிசையாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அச்சன்கூட வந்திருப்பார், அம்மா அழுதுகொண்டிருப்பாள். எங்கள் போதகரைத்தான் நாங்கள் அச்சன் என்போம். அவர் வராவிட்டால்கூட அம்மா அழுவது நிச்சயம்.

எங்கள் சந்து திரும்புகிற இடத்தில் ஒரு பொதுக்குழாய் உண்டு. சித்தி எனக்கு முன்னமே வந்து அங்கே குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ததும்புகிறபோது குழாயடியில் இவளுக்கு என்ன வேலை என்று எனக்கு உறைக்கவில்லை.

“முகத்தக் கழுவிட்டுப் போ மக்கா” என்றாள். “நெத்தியில மஞ்சளா ஒட்டியிருக்கு.”

நான் துடைத்தும் சரியாகப் போகவில்லைபோல. நின்ற இடத்திலேயே நின்றேன். சித்தியே தண்ணீரைத் தொட்டு என் நெற்றியை அழுத்தித் தேய்த்து, முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைக்கும்போது சந்தின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். என்னைப் பிடித்துக்கொடுக்க ஆள் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டில் அப்பாவும் இல்லை, அச்சனும் இல்லை. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சித்தி வந்து கிணற்றடியில் குடத்தை வைத்ததும் அம்மா ஆஸ்பத்திரி சங்கதியை விசாரித்தாள். டாக்டர் வர நேரமாயிற்று, நல்ல கூட்டம், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள் என்று சித்தி அடுக்கினாள். நான் சுவரோடு ஒட்டி நின்று கேட்டேன். கோயில் என்ற பேச்சே வரவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. இன்றைக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்றால் இதைவிட நல்ல நாளுக்காக வைத்திருக்கிறாள் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நல்ல நாள் எது என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் வி.பி.எஸ். என்கிற லீவு வேதப்பள்ளி முடிகிற ஞாயிறு. ஒவ்வொரு லீவிலும் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் வேதபாடமும் சொல்லித் தருவார்கள். கடைசி நாளில் சபை முழுவதும் கூடியிருக்க, பிள்ளைகள் படித்ததை மேடையில் சொல்ல வேண்டும். அந்த வருஷம் எனக்குக் கிடைத்தது பத்துக் கட்டளைகள். செயலாளரின் மகள் என்பதால் கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். முதல் கட்டளையே எதைப் பற்றியது என்று தெரிந்தவர்களுக்கு என் நிலைமை விளங்கும். வேறு தெய்வத்தின் பக்கமே போகக் கூடாது என்பதை, போய் ஒரு வாரமே ஆகியிருக்கும் நான், மைக்கில் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வாரமும் சித்தி என்மேல் காட்டிய பிரியத்தைச் சொல்லி மாளாது. பலாச்சுளையில் சக்கை வறுவல் செய்து கொண்டுவந்து கொடுத்தாள். தலை பின்னிவிட்டாள். அம்மா என்னைத் திட்டினால் இடையில் வந்து நின்றாள். நானோ அந்த வறுவலைக்கூட மீதி வைத்தேன். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் எங்கள் கோழிக்கு விழும் அரிசியை நினைத்துக்கொண்டேன். சித்தி தலை பின்னும்போது பின்னாலிருந்து ஏதோ கேட்க வருவதுபோல மூச்சை இழுப்பாள், பிறகு ஒன்றும் கேட்காமல் ரிப்பனைக் கட்டிவிடுவாள். ராத்திரி அம்மா கட்டளைகளை ஒப்பிக்கச் சொல்வாள். இரண்டாவதிலிருந்து பத்துவரை தண்ணீராக வரும். முதலாவது மட்டும் நாக்கில் ஏறாது.

“நாளைக்கு நீ அங்க நின்னு உளறினா அப்பாக்க தலை தாழும், கேட்டியா?” என்றாள் அம்மா, சனிக்கிழமை. அவள் உளறலை மட்டும்தான் நினைத்துச் சொன்னாள். எனக்குக் கோயிலும் சேர்ந்து கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. அப்பா கமிட்டிக்காரர்களோடு பக்கவாட்டில். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பாட்டுக்காரிகள், அவர்கள் நடுவில் சித்தி. என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். மைக் கிரீச்சிட்டது. யாரோ சரிசெய்தார்கள். அதற்குள் எனக்கு எல்லாம் போய்விட்டது. முதல் கட்டளை மட்டுமல்ல, என் பெயரே போய்விட்டதுபோல் இருந்தது. அச்சன் சிரித்துத் தைரியம் கொடுத்தார். அப்பா சிரிக்கவில்லை. சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. நான் கோயிலுக்குப் போனேன், சித்தியும் பார்த்தாள் என்று மைக்கிலேயே சொல்லி அழுதுவிட்டால் இந்த அவஸ்தை முடிந்துவிடும்.

வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் சித்தியைப் பார்த்தேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கழுத்தை முன்னால் நீட்டி, என் கண்ணையே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். முதல் கட்டளை. ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி. குகையில் அசைந்த அதே உதடுகள். நீ என்ன செய்தாய் என்று எனக்கு ஞாபகப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் என் வாய் அந்த உதடுகளைப் பிடித்துக்கொண்டது. அவள் ஒரு வார்த்தை, நான் ஒரு வார்த்தை. முதலாவது முடிந்ததும் மீதி ஒன்பதும் மடமடவென்று கொட்டிவிட்டன. எல்லோரும் கைதட்டினார்கள். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா பக்கத்திலிருந்தவளிடம், இவளுக்கு என் பிள்ளை என்றால் உயிர் என்று சொன்னாளாம்.

பரிசாக ஒரு தண்ணீர்ப் பாட்டில் தந்தார்கள். வெளியே மாமரத்தடியில் கட்லெட்டும் சாயாவும் கொடுத்துக்கொண்டிருந்தபோது சித்தி என்னைத் தனியாகச் சுவரோரம் கூப்பிட்டாள். ஒரு வாரமாகப் பின்னலுக்குப் பின்னால் நின்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

“யாருட்டயும் சொல்லல்லியே மக்கா?”

அவள் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இல்ல சித்தி. இனிமே நான் அங்க போவ மாட்டேன். சத்தியமா போவ மாட்டேன்.”

சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“செரி” என்றாள். “நானும் இனி போவல்ல.”

எனக்குச் சிறகு முளைத்ததுபோல் இருந்தது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? நான் போகாவிட்டால் என்னைப் பிடிப்பதற்கு அவளும் வர வேண்டியதில்லை. ஒரு வாரமாகச் சாப்பிடாத சாப்பாட்டையெல்லாம் சேர்த்து இரண்டு கட்லெட் அதிகமாகத் தின்றேன்.

சித்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். முட்டுவலிக்காரர்களும் விசாக்காரர்களும் முடிந்து, வழக்கம்போலச் சித்தியிடம் வந்தார்கள். நான்கைந்து கைகள் அவள் தலைமேல். சித்தி பாயைப் பார்த்தபடி இருந்தாள். பயம் தெளிந்த சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னது நான்தான். சித்தி மட்டும் மெல்லத் தலையைத் தூக்கி, அந்தக் கைகளுக்குக் கீழேயிருந்து என்னைப் பார்த்தாள். என்னை மெச்சிக்கொள்கிறாள் என்று நினைத்து, அவளைப் பார்த்துச் சிரித்தேன்.