இரண்டரை மில்லிமீட்டர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியைத் தலைமுழுகியவன் நான். சோதனைக்கூடத்தில் குப்பி கழுவத் தொடங்கி, இன்று நானே ஒரு சோதனைக்கூடத்துக்கு முதலாளி. என்னை மடக்கியவர் யாருமில்லை, ஒருத்தியைத் தவிர. எல்லோருக்கும் அவள் ஸ்கேல் அக்கா. தையல் கடையில் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டே டிப்ளமா முடித்து என்னிடம் வந்தவள். தட்டில் உறைந்த கூழில் வளரும் கிருமியை மருந்து வில்லை எவ்வளவு தூரம் விரட்டியிருக்கிறது என்று அளப்பது அவள் வேலை.

அன்று ஒரு நிறைமாதக்காரியின் பிறப்புறுப்பில் எடுத்த மாதிரியில் ஒரு கிருமி வளர்ந்திருந்தது. தாயை ஒன்றும் செய்யாது. பிறக்கும்போது குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. அவளுக்கோ பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. மாற்று மருந்து கேட்குமா என்று டாக்டரம்மா காத்திருந்தார். வலி கண்டுவிட்டதாம். இரண்டு முறை போன் வந்துவிட்டது.

வில்லையைச் சுற்றிக் கிருமியில்லாத வட்டம் இருபது மில்லிமீட்டர். பத்தொன்பது இருந்தாலே மருந்து கேட்கும். கையெழுத்துப் போடம்மா என்றேன். ஸ்கேல் அக்கா போடவில்லை. சரிபார்க்க எப்போதும் கூடவே வைக்கும் பழகிய கிருமியின் தட்டைக் காட்டினாள். இருபத்தைந்தைத் தாண்டக் கூடாத வட்டம் அதில் இருபத்தொன்பது.

கத்தியால் கூழை வெட்டி ஸ்கேலை வைத்தாள். நாலு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டியது, இரண்டரைதான் இருந்தது. கூழ் மெலிந்தால் வட்டம் பொய்யாகப் பெரிதாகும்.

"தட்டு யாரு ஊத்துனது?"

"நான்தான். பதினஞ்சு தட்டுக்கான கூழுல இருபத்துநாலு தட்டு ஊத்துனேன். வேற எவனால முடியும்?"

"ரவிக்கைத் துணியில பாவாடை தைச்சிருக்கீங்கண்ணே."

"கிட்டத்தட்ட சரியாத்தானேம்மா இருக்கு. அங்க வலி வந்தாச்சு."

"அதனாலதான் சொல்றேன். கேக்கும்னு நான் எழுதி, கேக்காமப் போனா கொழந்தைக்கு யாரு பதில் சொல்றது?"

மூன்றாம் முறை போன் அடித்தது. அவள் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க."

எவனுக்கும் தலை குனியாத நான், தட்டு தப்பு, ஊற்றியது நான், முடிவு நாளைக்குத்தான் என்றேன். டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில், அந்த மருந்தை நம்பாமல் வேறு வலுவான மருந்தை ஏற்றுவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

அவள் அப்போதே புதுக் கூழ் காய்ச்சி, கனம் பார்த்து ஊற்றி, எல்லாவற்றையும் மறுபடி வைத்தாள். மறுநாள் தட்டைத் திறக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். பழகிய கிருமி சொன்னபடி கேட்டது, வட்டம் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. நோயாளியின் தட்டில் வட்டம் பதினாலு. பதினைந்துக்கே மருந்து தோற்றது என்று பொருள்.

அதற்குள் குழந்தை பிறந்து பால் குடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். மிச்சமிருந்த என் தட்டுகளை யாரும் சொல்லாமல் நானே குப்பையில் கொட்டினேன். ஒன்றையாவது ஒளித்து வைக்கிறேனா என்று அவள் நின்று பார்த்தாள்.