வெயிலில் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்த வீடுகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. துக்கம் கேட்க வந்த சொந்தங்களுக்கும், அண்ணனோடு வேலை செய்தவர்களுக்கும், அவர் செய்து கொடுத்த கண்டெய்னர் வீடுகளில் இன்று குடியிருப்பவர்களுக்கும் இந்தச் சிறு நினைவு மலரைத் தருகிறோம். அண்ணனைப் பற்றி எழுத வேண்டியது உடன்பிறந்தவள் என்ற முறையில் என் பொறுப்பு. நல்லதை மட்டும் எழுதி முடித்துவிடு என்று என் கணவர் சொன்னார். முயன்று பார்த்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் செய்த ஒன்றைச் சொல்லாமல், அண்ணன் ஏன் அப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் பிறந்தது ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டியிருந்த ஒரு தெருவில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை வீடு. அப்பா லாரி ஓட்டினார். அண்ணனுக்குப் பதினேழு வயதானபோது அப்பா ஒரு விபத்தில் இறந்துபோனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துக்கொண்டிருந்த அண்ணன், படிப்பு முடிந்த கையோடு, துறைமுகத்துப் பக்கம், கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளான கண்டெய்னர்களைக் காலியாக அடுக்கி வைக்கும் யார்டு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலில் அடிபட்டு நசுங்கி வருபவற்றைத் தட்டி நிமிர்த்துவதும், துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதும் அவர் வேலை. தாம்பரத்திலிருந்து விடியற்காலை ரயிலில் போவார். திரும்பி வரும்போது காதுமடலின் பின்னால் இரும்புத் தூள் படிந்திருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டு அதைத் துடைத்து எடுப்பார்.

நான் காட்டாங்குளத்தூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏரிப் புறம்போக்கு, காலி செய்ய வேண்டும் என்றார்கள். ரேஷன் அட்டை, கரண்ட் பில், அப்பா காலத்து வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அண்ணன் அலையாத இடமில்லை. ஒன்றும் நடக்கவில்லை. காலை பத்து மணிக்கு வந்த ஜேசிபி பதினொன்றரைக்கெல்லாம் எங்கள் வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பாத்திரங்களையும் துணி மூட்டைகளையும் சாலையோரம் வைத்துக்கொண்டு நின்றோம்.

மாற்று வீடு கொடுத்திருந்தார்கள். ஆனால் அது நகரத்தின் இன்னொரு கோடியில், அடுக்குமாடியில் இருந்தது. அங்கிருந்து என் கல்லூரிக்கு மூன்று பேருந்து மாற வேண்டும்.

"அங்க போனா பாப்பா படிப்பு அவ்ளோதாம்மா," என்றார் அண்ணன்.

அம்மாவுக்கு அப்போதே இதயக் கோளாறு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "நீ எங்க இட்டுனு போனாலும் வரேன்டா. அவ படிப்பு நிக்கக் கூடாது," என்றார்.

அண்ணன் தன் யார்டில் கழித்து விட்ட இருபதடி கண்டெய்னர் ஒன்றை வாங்கினார். திருநீர்மலை போகும் சாலையில், அப்பாவுக்குத் தெரிந்த தணிகாசலம் ஐயாவுக்கு ஒரு காலி மனை இருந்தது. "வெச்சிக்கோடா. ஒருத்தனும் உன்ன கேக்க மாட்டான்," என்று ஐயா இடம் கொடுத்தார். கிரேன் அந்தப் பெட்டியைத் தூக்கி மெல்ல இறக்கியபோது அண்ணன் கைதட்டினார். "இத்த எவன் இடிப்பான்? வந்தா நானே தூக்கிக்கினு வேற எடத்துக்குப் போய்க்கினே இருப்பேன்!" என்றார். இரண்டு ஜன்னல் வெட்டினார். ஒரு மின்விசிறி மாட்டினார். உள்ளே தடுப்பு வைத்து அம்மாவுக்கும் எனக்கும் தனி இடம் ஒதுக்கினார். தை மாதம் பால் காய்ச்சினோம். வீடு கிடைத்துவிட்டது என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம்.

பங்குனியில் வெயில் ஏறியது. காலை பத்து மணிக்கு மேல் அந்த இரும்புச் சுவரில் கை வைக்க முடியாது. மின்விசிறி சூட்டை அள்ளி மேலே கொட்டியது. குடத்துத் தண்ணீர் வெந்நீராக இருந்தது. அண்ணன் மேலே கோணிச் சாக்குகளைப் பரப்பி, வேலைக்குப் போகுமுன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். அது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். யார்டில் கண்டெய்னரைச் சரிசெய்யத்தான் அவருக்குத் தெரியும். அதற்குள் மனிதரைக் குடிவைக்க என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா பகலெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியில் இருப்பார். சாலையில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட்டு அவ்வப்போது உள்ளே போய்விடுவார்.

சித்திரையில் ஒரு நாள் எனக்குத் தேர்வு. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு அந்தப் பக்கம் வந்த தணிகாசலம் ஐயா, அம்மா உள்ளே தரையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். தண்ணீர்க் குடம் நாலடி தள்ளி இருந்தது. அம்மா மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். கண் திறக்கவே இல்லை.

காரியம் எல்லாம் முடித்து, மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக அண்ணன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நான் போய் நின்று சொன்னேன்: "உன் டப்பாதான் அம்மாவ கொன்னுச்சு. நீதான் அம்மாவ வேக வெச்ச."

இதை இத்தனை வருடங்களில் நான் எவரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்கே இந்த மலரைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

அண்ணன் குழாயை மூடினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் திருப்பிச் சொல்ல ஒரு பதில் இருந்தது. 'உன் காலேஜுக்காகத்தானே இங்கேயே இருந்தோம்' என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், நான் அங்கேயே சுருண்டு விழுந்திருப்பேன். அன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

மூன்றே மாதத்தில் அண்ணன் யார்டு வேலையை விட்டார். அந்த மனையிலேயே ஒரு கொட்டகை போட்டு, கண்டெய்னர்களை வாங்கி வீடாகவும் அலுவலகமாகவும் மாற்றிக் கொடுக்கத் தொடங்கினார். பெயின்ட் அடிக்கும் செல்வம் அவருக்குத் துணையாக வந்தார். அண்ணன் முதலில் எங்கள் கண்டெய்னரைத்தான் பிரித்தார். சுவரின் உட்பக்கம் பைப் சட்டம் அடித்து, நடுவில் சூட்டைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, மேலே பலகை வைத்தார். கூரைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு இன்னொரு கூரை போட்டார். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும்படி ஜன்னல்களை எதிரெதிரே மாற்றினார். இந்த வேலையெல்லாம் முடிந்தபோது அதில் இருக்க அம்மா இல்லை.

கண்டெய்னர் வாங்கப் போனால் கதவைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார். முன்பு ஏற்றிய சரக்கின் பூச்சிமருந்து நெடி அடித்தால் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வாங்க மாட்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்வார். இருட்டில் எங்கேயாவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த ஓட்டையை அடைக்க சாக்பீஸால் அங்கே வட்டம் போட்டுவிட்டு வருவார். கட்டுமான இடங்களுக்கு அலுவலகம், சாலையோர டீக்கடை, ஒரு டாக்டருக்கு கிளினிக் என்று நிறைய செய்தார். எங்களைப் போல வீடு இடிபட்டவர்கள் தேடி வந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அவர்களுக்குத்தான் முதலில்.

எதைச் செய்து முடித்தாலும், அதைக் கொடுப்பதற்கு முன் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை அதற்குள் தனியாக உட்காருவார். மின்விசிறி போட மாட்டார். மழைக்காலத்தில் கொடுத்த வீடு என்றால் சித்திரை வந்ததும் அவர்கள் வீட்டுக்கே போய், "கொஞ்ச நேரம் எல்லாரும் வெளில போய்ட்டு வாங்க," என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு கட்டட இன்ஜினியர், "ஏசி போடத்தாண்ணா போறோம். நீங்க ஏன் கஷ்டப்படறீங்க?" என்றாராம். "கரண்ட்டு போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க சார்?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். ஒரு வீட்டில் அப்படி உட்கார்ந்து எழுந்து வந்தவர், அடித்த பலகை மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டு முதலிலிருந்து செய்தார்.

இதெல்லாம் தொழிலில் உள்ள கவனம் என்றுதான் பலரும் பாராட்டினார்கள். நானும் அப்படியே எண்ணிக்கொண்டேன். திருமணமாகிக் குரோம்பேட்டைக்குப் போய்விட்ட எனக்கு அப்படி எண்ணிக்கொள்வது சௌகரியமாகவும் இருந்தது. அண்ணனுக்குப் பெண் பார்க்கலாம் என்று பேச்சு எடுத்தால், "எனுக்கு வேணாம், வுடு," என்பதோடு எழுந்து போய்விடுவார்.

நாற்பது வயது நிரம்புவதற்குள் அண்ணனின் கால்கள் வீங்கத் தொடங்கின. பரிசோதித்ததில் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகியிருந்தன. "கடும் வெயில்ல தண்ணி குடிக்காம வேலை செய்வாரா?" என்று டாக்டர் கேட்டார். நான் இல்லை என்றேன். கூட வந்திருந்த செல்வம் என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார்.

"அக்கா, அந்த மூணு மணி நேரமும் அண்ணன் ஒரு சொட்டு தண்ணி குடிக்காது. பாட்டில் எட்த்துனு போய்க் குட்த்தா திட்டும். 'எங்க அம்மா அன்னிக்குக் குடிச்சிச்சாடா?'ன்னு கேக்கும். நான் இன்னாக்கா சொல்றது?"

நான் ஒரு நர்ஸ். எத்தனையோ நோயாளிகளுக்குத் தண்ணீர் அளந்து கொடுத்திருக்கிறேன். என் கூடப்பிறந்தவர் பத்து வருடங்களுக்கு மேலாகத் தன்னைத்தானே வற்ற வைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆயிற்று. என் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றேன். அவருக்குத் தெரியாமலே சில பரிசோதனைகளும் செய்துகொண்டேன். பொருந்தும்போல் இருந்தது. காகிதங்களைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"உனுக்கு ரெண்டு கொழந்த கீது. போய் அதுங்களப் பாரு."

காலைப் பிடித்துக் கேட்டேன். அழுதேன். சாப்பிடாமல் அங்கேயே உட்கார்ந்தேன். "எங்கிட்ட இன்னா கீதோ அத்தோட போறேன், பாப்பா. வுட்டுடு," என்றார். அதற்குமேல் அவரை அசைக்க முடியவில்லை.

கடைசியாக அவர் செய்த வீடு கலாவதி என்பவருக்கு. கணவரை இழந்தவர். மூன்று பெண் குழந்தைகள். வீட்டு வேலை செய்து பிழைப்பவர். அவர்கள் வீடும் எங்கள் வீடு போலவே போனது. அண்ணனால் அப்போது நின்று வெல்டிங் செய்ய முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, செல்வத்திடம் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தார். வேலை முடிந்த தகவல் தெரிந்ததும் செல்வத்துக்கு போன் செய்து, "அண்ணனை உள்ள உட்கார விடாதீங்க," என்று கெஞ்சினேன். செல்வமும் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் ஜன்னல் கண்ணாடி ஒன்றில் கீறல் என்று சாக்குச் சொல்லி, வேறு வாங்க அவரைத் தாம்பரத்துக்கு அனுப்பிவிட்டு, அண்ணன் பூட்டை உடைத்து உள்ளே போயிருக்கிறார். செல்வம் திரும்பி வந்தபோது அண்ணன் சுவரில் சாய்ந்தபடி நினைவில்லாமல் இருந்தார்.

ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாம் நாள் நினைவு தெளிந்தது. நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு குழாயடியில நான் சொன்னத மன்னிச்சிட்டியா?"

எதை என்று அவர் கேட்கவில்லை.

"நீ சொல்லலன்னாலும் நான் அத்தான் நெனச்சினு இருந்திருப்பேன், பாப்பா," என்றார். பிறகு, "ஆனா நீ சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விலக்கவில்லை. அதற்கு இரண்டாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடிய செல்வத்துக்கும், இத்தனை வருடங்கள் வாடகை என்று ஒரு வார்த்தை கேட்காத தணிகாசலம் ஐயாவுக்கும், டயாலிசிஸ் பிரிவில் அண்ணனின் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஏரிக்கரைத் தெருப் பிள்ளைகளுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

கலாவதி அக்காவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் மயங்கி விழுந்து உயிரையே விடக் காரணமான வீட்டில் குழந்தைகளோடு குடிபோக யாருக்கும் மனம் வராது. வேறு ஒன்று செய்து தரச் சொல்கிறேன் என்று அவரிடம் போனேன். "இன்னாமா நீ? எங்களுக்கோசரம் ஒரு மன்சன் உசுர வெச்சிப் பாத்துக் குட்த்த வூடு. வேணாம்னு சொல்ல எனுக்கு வாய் வருமா?" என்றார். மறுவாரமே குடிவந்துவிட்டார். இந்தச் சித்திரையில் அவருடைய கடைசிப் பெண் பகல் வேளையில் அங்கே தூங்குவதைப் பார்த்தேன்.

இப்படிப்பட்ட மலர்களில் ஆன்மா அமைதி பெறட்டும் என்று எழுதி முடிப்பது வழக்கம். அண்ணன் அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதியைக் கெடுத்தவளே அதை எழுதுவது சரியில்லை. படிக்கும் நீங்கள் அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள். நான் கேட்டால் அவருக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கை