என் கல்லைப் பற்றி அவர் சொன்ன சாட்சி

என் கணவர் கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசுகிறவர். சின்னக் குரலென்று நினைத்துவிடாதீர்கள். குரல் பெரியதுதான், கிடைக்கிற வசனம்தான் சின்னது. வேற்று மொழிப் படத்தில் வில்லனுடைய நான்காவது அடியாள், கோர்ட் வாசலில் கூச்சல் போடும் கூட்டம், குண்டடி பட்டு "ஐயோ" என்று சாயும் போலீஸ்காரர், எல்லோருக்கும் இவர்தான் வாய். இருபது வருஷமாகச் சேர்ந்தாற்போல் மூன்று வரிக்கு மேல் யாரும் அவரைப் பேசவிட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்கு அவரைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள்.

நாங்கள் போகிற சபை சைதாப்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் கூடுகிறது. ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துச் சொல்லலாம். எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, தி.நகரில் ஒரு டாக்டர் குழாய் விட்டு உடைத்து எடுத்து, நான் வீடு திரும்பிய வாரத்தில் இவர் முதல்முறையாக எழுந்து நின்றார். அன்று சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஜெபம் பண்ணினோம், டாக்டர் எடுத்தார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று முடித்தார். சபை கைதட்டியது. என் வினையும் அங்கேதான் தொடங்கியது.

அடுத்த மாதம் பாஸ்டர் மறுபடி சாட்சி சொல்லக் கேட்டார். பட்டாணியாக இருந்த கல் அன்று சுண்டைக்காய் ஆனது. அதற்கடுத்த முறை நெல்லிக்காய். கல் வளர வளர டாக்டர் சிறுத்துக்கொண்டே போனார். நான்காவது தடவை டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆறாவது தடவை டாக்டரே இல்லை, நாங்கள் முழங்காலில் நின்ற ஓர் இரவில் கல் தானாகக் கரைந்து போனது. இவர் எங்கே நிறுத்துவார், எங்கே மூச்சை இழுப்பார், எந்தச் சொல்லில் குரல் உடையும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பின்னால் கீபோர்டு மெல்ல வாசிக்கும், பெண்கள் முக்காட்டால் கண்ணைத் துடைப்பார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். முடிவில் "எழுந்து நில்லும்மா" என்பார், நானும் எழுந்து நிற்பேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒளித்து என்ன பயன்?

எங்கள் சபையில் ஓர் அம்மா உண்டு. மார்க்கெட்டில் கீரையும் கறிவேப்பிலையும் விற்கிறவர். பல வருஷமாகச் சர்க்கரை நோய். ஒரு சனிக்கிழமை காலை கீரை வாங்கப் போனபோது அவர் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டிருந்தார். மறுகாலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"செருப்பு கடிச்சிச்சு சிஸ்டர். ஆற மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அவர் சிரித்தார். "டாக்டரா? மாத்திரையே நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுது. உனுக்கு அவ்ளோ பெரிய கல்லு சும்மா கரைஞ்சி போச்சு. எனுக்கு இந்த சக்கரை இன்னா பெரிசு? விசுவாசமா கீறேன்."

அந்தத் துணியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கீரைக்கட்டை அவர் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

இவர் அப்போது கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தில் எழுப்புதல் கூட்டம், பல சபைகள் சேர்ந்து நடத்துவது. சாட்சி சொல்ல எங்கள் சபையிலிருந்து இவரைத்தான் அழைத்திருந்தார்கள். கேமரா, பெரிய திரை, முழுசாகப் பத்து நிமிஷம். அவர் வாழ்நாளில் யாரும் அவருக்குக் கொடுக்காத பத்து நிமிஷம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சீறினார். "நான் இன்னா அவங்கள மாத்திரை சாப்பிடாதன்னா சொன்னேன்? யாரு மேல பழிய போடுற?" பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து நான்தான் சாத்தானுக்கு வேலை செய்தேன். "அவங்கள தனியா கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடலாம். நாளைக்கு மேடையில எப்பவும் போல பேசுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். அப்போது அது எனக்கு எவ்வளவு நியாயமாகப் பட்டது தெரியுமா!

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நானும் அதத்தான் நெனச்சிக்கினு கீறேன்" என்றார். "அதான் பயமா கீது." அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. ஜெபம் பண்ணினார். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. அந்த மனிதர் குரல் இல்லாமல் ஜெபித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. அந்த அம்மாவும் எங்கள் சபை வேனில் வந்து நடுவரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் அல்லேலூயா முழங்கியது. கீபோர்டு தொடங்கியது. இவர் மைக்கைப் பிடித்து, என் மனைவிக்குக் கல் இருந்தது என்றார். கூட்டம் அப்படியே முன்னால் சாய்ந்தது. அந்த இடத்தில் அவர் ஒரு மூச்சு எடுப்பார். எடுத்தார். அவர் முகத்தைத் திரையில் பெரிதாகப் பார்த்தேன். அந்த மூச்சுக்குப் பிறகு பழைய வரி அவர் நாக்கு நுனியில் நிற்பது எனக்குத் தெரிந்தது. பழைய கதையையே சொல்லிவிடட்டும் என்று என் பாதி மனசு ஆசைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் திரும்பி, "பிரதர், கொஞ்சம் வாசிக்காம இருங்க" என்றார். இசை நின்றது.

"கல்லு சின்னது. டாக்டர்தான் எடுத்தாரு. நாங்க ஜெபம் பண்ணதும் நெசம், டாக்டர் எடுத்ததும் நெசம். டாக்டரை நான்தான் கழட்டி வுட்டேன். நீங்க அழுவணும்னு கல்லைப் பெரிசாக்கினேன். கர்த்தரை வெச்சி நான் பேரு வாங்கிக்கினேன். மாத்திரை சாப்பிடறவங்க யாரும் என் பேச்ச கேட்டு நிறுத்தாதீங்க. நிறுத்தினவங்க என்ன மன்னிச்சிடுங்க."

ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. கடைப்பலகையைப் படிப்பது போலச் சொன்னார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. மேடையிலிருந்த பெரியவர் ஒருவர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். இவர் படியிறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் நான் அவரைப் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன், சிலமுறை திட்டியும் இருக்கிறேன். அன்று அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த அம்மா சாப்பாட்டுப் பந்தியில் எங்களைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மாசம், நைனா! ரெண்டு மாசம் உன் வாயை நம்பிக்கினு இருந்தேன்!" என்று எல்லோரும் பார்க்கக் கத்தினார். இவர் இலையை மூடிவிட்டு எழுந்து நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்கு நானே கூட்டிக்கினு போறேன்மா" என்றார்.

திங்கட்கிழமை இவருக்கு ஸ்டூடியோவில் வேலை இருந்தது. போகவில்லை. அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், நானும் கூடப் போனேன். அங்கிருந்த டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு கால்விரல் கறுத்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் விரலோடு நின்றிருக்காது, பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எந்தப் புத்திசாலி உங்களை மாத்திரையை நிறுத்தச் சொன்னது?"

அந்த அம்மா இவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "யாருமில்ல சார், நானாத்தான்" என்றார். இத்தனைக்குப் பிறகும் இவரைக் காப்பாற்றப் பார்த்தார். இவர் பேசாமல் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

"நான்தாங்க சார்" என்றார் என் கணவர்.