பழைய கெர்னலுக்காகச் சண்டை போட்ட தினேஷ்

இல்லை, பைக் விபத்து இல்லை. காலையிலிருந்து எல்லாரும் அதைத்தான் கேட்கிறீர்கள்.

மாரடைப்பு. கிள்ளான் வீட்டில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான்... முப்பத்தொரு வயது.

தினேஷ் என் டீம். பக்கத்து மேஜை. நேற்று சாயங்காலம்கூட, "நாளைக்காவது என் கோட் திருத்தத்த ரிவியூ பண்ணு லா, மகாராணி" என்று கத்திவிட்டுத்தான் கொமுட்டர் ரயில் பிடிக்க ஓடினான்.

நேற்று.

கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அதற்கு என்னென்ன வசதி இருக்கிறது என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் கேட்டுக் காட்டுவது எங்கள் புரோகிராம்.

பழைய கெர்னலுக்குச் சில கேள்விகள் புரியாது. பதில் வராது. நாங்கள் அதை "வசதி இல்லை" என்று காட்டிக்கொண்டிருந்தோம்.

தினேஷால் அதைத் தாங்க முடியாது. "கார்டுல இருக்கு. கெர்னலுக்குச் சொல்லத் தெரியல. அதுக்கு இல்லைன்னு போடுவியா? தெரியலைன்னு போடு."

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் டீம் லீட் கவிதா அக்காவோடு இதே சண்டை.

"பழைய கெர்னல எவன் இன்னும் வெச்சிருக்கான்? சப்போர்ட்ட தூக்கிடலாம் லா."

"போர்ட் கிள்ளான் கிடங்குல வந்து பாருங்கக்கா, எல்லாம் பழைய கெர்னல்தான். நம்ம புரோகிராம நம்பி நல்ல கார்டைக் கழட்டிப் போட்டுட்டாங்க."

"நீ என்ன அவங்க வீட்டு மாப்பிள்ளையா?"

"பொண்ணு இருந்தா கேட்டுச் சொல்லுங்க."

பக்கத்து மேஜை அங்கிளும் சிரித்தார். தினேஷ் இரண்டாவது முறை சோறு வாங்கினான்...

அவன் எழுதி முடித்த திருத்தம் என் ரிவியூவுக்காகத்தான் காத்திருந்தது. இன்று பார்க்காவிட்டால் ரிலீஸில் சேராது. அடுத்ததில் பழைய கெர்னல் சப்போர்ட்டே இருக்காது.

கவிதா அக்கா மெசேஜ் போட்டார். "விட்டுடலாம் மா. இன்னிக்கு யாரால பார்க்க முடியும்?"

"நான் பார்க்குறேன் அக்கா."

பிறகு, "சரி மா."

திறந்தேன். ஒரு வரியில் சந்தேகம். கமென்ட் பாக்ஸில் "தினேஷ், இது எதுக்கு?" என்று டைப் செய்து அனுப்பியும் விட்டேன்.

அனுப்பிய பிறகுதான்...

பதில் வருமா என்று கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன்.

போய் வா, தினேஷ்.

அந்த வரியை நானே படித்துப் புரிந்துகொண்டேன். சரியாகத்தான் எழுதியிருந்தான். பழைய கெர்னலில் டெஸ்ட் ஓட்டி, அவன் பெயரிலேயே ரிலீஸில் மெர்ஜ் செய்து சேர்த்தேன். லேப்டாப்பை மூடிவிட்டுக் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன்.